கிளட்ச் மாற்றியதாகக் காசு வாங்கினார்கள், கியர் பாக்ஸ் போல்ட்டில் ஸ்பானரே படவில்லை

காரில் கருகிய வாடை வருகிறது என்று ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நாமக்கல்லில் எங்கள் வண்டிக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எட்டு வருஷப் பழைய பெட்ரோல் கார். குடும்பத்தோடு கொல்லிமலை போய் வந்ததிலிருந்து ஒரு தீய்ந்த வாடை. ஓடும்போது தெரியாது. சிக்னலில் நின்றால் போதும், ஏசி வழியாக உள்ளே வந்து தொண்டையைக் கமறும். தாளிக்க வைத்த எண்ணெயை அடுப்பிலேயே மறந்துவிட்டால் வருமே, அந்த நெடி. பின் சீட்டில் அம்மாவுக்கு இருமல் நிற்காது.

எல்லாக் கம்பெனி கார்களையும் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "எங்க சார் போய்ட்டு வந்தீங்க?" என்றார் அங்கிருந்தவர். கொல்லிமலை என்றேன். "எழுபது கொண்டை ஊசி வளைவு! கிளட்ச் காலி சார். இப்படியே ஓட்டினா நடுரோட்டுல நின்னுடும்."

மலை ஏறும்போது அரைக் கிளட்சிலேயே, அதாவது பெடலைப் பாதி மிதித்தபடியே, வண்டியைப் பிடித்து நிறுத்தி ஓட்டினால் கிளட்ச் பிளேட் சூடேறி வாடை வரும் என்பது உண்மைதான். அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. மலைக்குப் போய்வந்த எந்த வண்டிக்கும் இதைச் சொல்லலாம்.

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய். மத்தியானம் விட்ட வண்டி சாயங்காலமே தயார். தேய்ந்துபோன பிளேட் ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினார்கள். பில் கேட்டதற்கு ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டு ஒன்று கிடைத்தது.

வாடை போகவில்லை. போன் செய்தால், "புது கிளட்ச் சார், செட் ஆகிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அப்புறம் ஒருநாள் வண்டியை நிறுத்தியதும் பானெட் ஓரத்தில் லேசாகப் புகை கிளம்பியது.

லாரிப் பட்டறைகள் பக்கம் கார் வேலையும் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று நண்பர் அழைத்துப் போனார். அவர் கேட்ட கேள்விகளே வேறு. வாடை மேடு ஏறும்போது வருகிறதா, நின்ற பிறகு வருகிறதா? ஏசியில் வெளிக்காற்றை அடைத்து உள்காற்றை மட்டும் சுற்றவிட்டால் குறைகிறதா? குறைகிறது என்றேன். "அப்போ பானெட்டுக்குள்ள இருந்துதான் வருது தம்பி" என்று இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவினார். ஆயில் கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தது.

இன்ஜினிலிருந்து சூடான புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதிதான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. எங்கள் வண்டியில் அது இன்ஜினுக்குப் பின்பக்கம். முன்னால் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. இன்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, டார்ச்சும் சின்னக் கண்ணாடித் துண்டுமாகப் பின்பக்கம் காட்டினார். இன்ஜினின் மேல் மூடியான டாப்பெட் கவர் ஓரம் முழுக்க ஈரம். அங்கிருந்து ஆயில் கோடு கோடாக இறங்கி மேனிஃபோல்டின் தகரத் தடுப்பில் பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. கவரைக் கழற்றியபோது ரப்பர் பேக்கிங் கையோடு ஒடிந்து வந்தது. வருஷக்கணக்கில் சூடு பட்டு இறுகிவிட்டதாம். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வும் அடைத்திருந்தது. அது அடைத்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, தளர்ந்த பேக்கிங் வழியாக ஆயிலை வெளியே தள்ளும்.

பேக்கிங்கை மாற்றி, வால்வைச் சுத்தம் செய்து, ஆயிலையும் நிரப்பினார். எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய். வெளியே ஒட்டியிருக்கும் ஆயில் எரிந்து தீரும்வரை கொஞ்சம் வாடை இருக்கும் என்றார். அதேபோல மெல்லக் குறைந்து நின்றுவிட்டது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். கிளட்ச் மாற்றியதைச் சொன்னதும் அவர் பேட்டரிக்குக் கீழே டார்ச் அடித்தார். "இந்த போல்ட்டைப் பாருங்க தம்பி." கிளட்ச், இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது. எங்கள் மாதிரி வண்டியில் கியர் பாக்ஸை இறக்காமல் அதைத் தொடவே முடியாது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் போல்ட் தலைகளில் பழைய மண்ணும் கிரீஸும் மூலை முடுக்கெல்லாம் அப்பியிருந்தன. போல்ட்டைத் திருப்பினால் உடைந்துவிடும், கம்பெனியில் வைத்த பெயின்ட் கோடுகூட உடையவில்லை. ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாவது கியர் போட்டுக் கிளட்சை மெதுவாக விட்டார். இன்ஜின் உடனே ஆஃப் ஆனது. கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் பழைய கிளட்ச்சே நன்றாகத்தான் இருக்கிறது. அவர்கள் காட்டிய பிளேட் யார் வண்டியுடையதோ.

பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் இதில்தான். மேனிஃபோல்டு பல நூறு டிகிரி சூடாகும். அதன்மேல் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பானெட்டைத் திறந்து பார்க்காமல், காசை வாங்கிக்கொண்டு, வயதானவரையும் குழந்தைகளையும் அந்த வண்டியில் அனுப்பிவைத்தார்கள்.

எந்த வாடை, எப்போது வருகிறது என்பதைக் கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. இனிப்பாக ஒரு நெடி என்றால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவக் கசிவாக இருக்கலாம். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ரப்பர் என்றால் பெல்ட்டைப் பாருங்கள். பிளாஸ்டிக் கருகினால் ஒயரிங், எலி கடித்திருக்கலாம், உடனே நிறுத்துங்கள். ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆயில் மாற்றிய கையோடு வரும் வாடை பெரும்பாலும் ஊற்றும்போது சிந்தியதுதான். கிளட்ச் என்று யாராவது சொன்னால் அந்த மூன்றாவது கியர் சோதனையை உங்கள் கண்முன்னே ஒரே ஒரு தடவை செய்யச் சொல்லுங்கள். கியர் பாக்ஸ் இறக்கியிருக்கும்போது போய்ப் பாருங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

போல்ட் போட்டோக்களோடு திரும்பிப் போனேன். "தூசி எப்படி வேணா படியும் சார்" என்று முதலாளி எழுந்து போய்விட்டார். எஸ்டிமேட் சீட்டையும் யுபிஐ ரசீதையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருஷத்துக்குள் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. புகார் முடியும்வரை கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நாமக்கல், ராசிபுரம் பக்கம் சமீபத்தில் கிளட்ச் மாற்றியவர்கள், இன்ஜின் ஆறியபிறகு அந்த போல்ட்டுகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்களுக்கு நடந்ததே நடந்திருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே ஆணையத்துக்குப் போவோம்.