புதுக்கோட்டைக் குன்றுகள்: வண்டி ஓட்டுகிறவன் போடும் மார்க்

புதுக்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். வெளியூர் பார்ட்டி வண்டியில் ஏறினதுமே செல்போனை நீட்டுவார்கள். அதில் ஒரு பட்டியல் இருக்கும்: சித்தன்னவாசல், நார்த்தாமலை, குடுமியான்மலை, கொடும்பாளூர், திருமயம். “எல்லாத்தையும் பார்த்துட்டு சாயந்தரம் ரயிலைப் பிடிக்கணும்ணே.”

பிடிக்கலாம். ஐந்துமே மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிற சின்னங்கள் உள்ள ஊர்கள். ஒன்றும் தொலைவில் இல்லை, ரோடும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்தில் கிலோமீட்டரைப் பார்த்துத் திட்டம் போடக் கூடாது, பாறையைப் பார்த்துப் போட வேண்டும். பதினோரு மணிக்கு மேல் இந்தக் கரும்பாறைகள் தோசைக்கல்தான். ஐந்து இடத்தையும் ஒரே நாளில் திணித்த பார்ட்டி நாலாவது இடத்தில் வண்டியைவிட்டே இறங்காது. “ஏசி போட்டு வைங்கண்ணே, நாங்க இங்கேருந்தே பார்த்துக்கிறோம்” என்பார்கள். அதனால் என் மதிப்பீடு எந்த இடம் எவ்வளவு அழகு என்பதைப் பற்றியது இல்லை. எதை எந்த நேரத்தில், யாரோடு பார்க்கலாம் என்பதைப் பற்றியது.

காலையில் முதல் இடம் நார்த்தாமலை. இதில் நான் யாரோடும் சமாதானத்துக்கு வர மாட்டேன். ஊருக்குள் முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கூட்டம் வரும், பக்கத்துக் குன்றான மேலமலைக்கு அவ்வளவாக ஆள் வராது. வண்டியைக் கீழே போட்டுவிட்டு, வெறும் பாறைச் சரிவில் நடந்தே ஏற வேண்டும். மேலே கடை கிடையாது, கழிப்பறை கிடையாது, நிழலும் பேருக்குத்தான். தண்ணீர் பாட்டிலை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களை நான் திருப்பிக் கூப்பிட்டுக் கையில் கொடுத்து அனுப்புவேன்.

மேலே நிற்கிறது விஜயாலய சோழீச்சரம். பெயரில் சோழன் இருந்தாலும், கட்டியவர் சாத்தன் பூதி என்கிற இளங்கோவதி அரையர், முத்தரையர் குலத்துச் சிற்றரசர் என்று கல்வெட்டு சொல்கிறது. மழையும் இடியும் சிதைத்த கோயிலை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்த சேதியும் அதிலேயே இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். பெரிய கோபுரங்களைப் பார்த்துப் பழகினவர்களுக்கு முதலில் “இவ்வளவுதானா” என்று தோன்றும். ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, எதிரே பாறையைக் குடைந்து செய்த இரண்டு குடைவரைகளையும் பார்க்கச் சொல்வேன். அதில் ஒன்றில் ஆளுயரத்துக்குப் பன்னிரண்டு விஷ்ணு வரிசையாக நிற்பார், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெரியவர், ரிட்டையர்டு இன்ஜினியர், அந்த வரிசைக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே மாட்டேன் என்றுவிட்டார். அவர் வீட்டம்மா கீழே வந்து, “தம்பி, நீங்க போய்க் கூப்பிடுங்க, நான் கூப்பிட்டா வரமாட்டார்” என்றார். நான் போய் “ஐயா, பாறை சுட ஆரம்பிச்சிடும்” என்றதும்தான் எழுந்தார். பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். மழை மேகம் கட்டியிருந்தால் மட்டும் ஏறாதீர்கள், சரிவு வழுக்கும். அந்தக் காலத்திலேயே இடி விழுந்த இடம் வேறு.

அடுத்தது சித்தன்னவாசல். எல்லோரும் கேள்விப்பட்டது, அதிகமாக ஏமாறுவதும் இங்கேதான். காரணம் சின்னது. கண்ணைக் கூசும் வெயிலிலிருந்து அறிவர் கோயில் என்கிற சமணக் குடைவரைக்குள் நுழைந்ததும் நிமிர்ந்து பார்ப்பார்கள், ஒன்றும் தெரியாது, “எல்லாம் அழிஞ்சு போச்சு” என்று வெளியே வந்துவிடுவார்கள். ஐந்து நிமிஷம் பேசாமல் நில்லுங்கள். கண் பழகப் பழக, முன்மண்டப விதானத்தில் ஒரு தாமரைக் குளமே எழுந்து வரும். இலைகளுக்கு நடுவே மீன், பறவை, யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். சுண்ணாம்புப் பூச்சின்மேல் கனிமச் சாயங்களால் தீட்டினது. தூண்களில் நடனப் பெண்கள் மங்கலாகத் தெரிவார்கள், ஒரு தூணில் அரசனும் அரசியும். நிறைய போயிருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். மிச்சம் இருக்கிறதற்கே வரலாம்.

பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலத்து ஓவியம் என்று இன்னும் சிலர் அடித்துச் சொல்வார்கள். முகப்புப் பாறையில் இருக்கிற கல்வெட்டு, இளங்கௌதமன் என்கிற மதுரை ஆசிரியர், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகச் சொல்கிறது. அது ஒன்பதாம் நூற்றாண்டு. கல்லில் இருப்பதை நம்புவது என் வழக்கம்.

உள்ளறையில் நடுவில் நின்று, வாயை மூடிக்கொண்டு அடித்தொண்டையில் “ம்ம்” என்று இழுத்துப் பாருங்கள். அறை முழுக்க அந்த ரீங்காரம் சுற்றும். கத்தினால் வராது. பிள்ளைகள் கத்திக் கத்திப் பார்த்துவிட்டு அலுத்துப் போய்விடுவார்கள், ஒரு பாட்டி சாதாரணமாக ஓம் சொல்லி அதை வரவழைத்ததை நானே கேட்டிருக்கிறேன்.

அதே மலையில் ஏழடிப்பட்டம் என்கிற குகைக்குத் தனி ஏற்றம். உச்சிவரை போய் மறுபக்கம் இறங்க வேண்டும். கம்பிக் கைப்பிடி இருக்கிறது, ஆனாலும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற முடிந்தவர்களுக்குச் சமண முனிவர்களின் பதினேழு கல்படுக்கைகள், கல்லிலேயே தலையணை மேடு, பெரிய படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்து. இளயர் என்பவர் செய்துகொடுத்த இருக்கை என்று அதில் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துப் பெயர்! மொத்தமாகப் பத்துக்கு எட்டு. அவசரத்தில் பார்த்தால் நாலு.

குடுமியான்மலை, சங்கீதம் தெரிந்தவர்களுக்கு. குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் ஏழாம் நூற்றாண்டு எழுத்தில் ‘கிராம ராகம்’ என்கிற பழங்காலத்து ராகங்கள் ஏழுக்கான சுரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். தெரியாதவர்களுக்கு அது வெறும் எழுத்து. கீழ்க் கோயில் மண்டபத்துச் சிற்பங்கள் யாருக்கும் பிடிக்கும்.

கொடும்பாளூரைத் தனியாகத் தேடிப் போக வேண்டாம், திருச்சி-மதுரை நெடுஞ்சாலையில் போகும்போது விராலிமலையை ஒட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பூதி விக்கிரமகேசரி என்கிற இருக்குவேள் குலத்துச் சிற்றரசர் கட்டிய மூவர் கோயிலில் இரண்டு நிற்கிறது, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். தரை சமதளம், அதனால் வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசே இதுதான்.

திருமயத்தை வெயில் சாய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பார்க்க வேண்டியது குன்றின்மேல் இருக்கிற கோட்டை, 1687இல் ராமநாதபுரம் ராஜா கிழவன் சேதுபதி கட்டியது என்பார்கள். உச்சியில் பீரங்கி நிற்கிற இடத்துக் காற்றுக்கே டிக்கெட் காசு தகும். பாதி வழியில் இரும்பு ஏணி ஏறிப் பார்க்கிற சிறு சிவன் குடைவரையை நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். கீழே சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் குடைவரை. இரண்டு கோயில்காரர்களுக்கும் நடந்த தகராறைப் பதிமூன்றாம் நூற்றாண்டில் தீர்த்து வைத்ததைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். உச்சி வேளைக்கு நடை சாத்திவிட்டால் மாலையில்தான் திறப்பார்கள், அதற்கும் சாயந்தரம் சரியாகிவிடும். ரோட்டோரம் கோட்டை பைரவருக்குத் தேங்காய் உடைக்க நான் நிறுத்துவேன், அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பார்ட்டியிடம் காசு வாங்குவதில்லை.

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வருகிறவர்கள், ஏரியில் தண்ணீர் இருந்தால், மறுநாள் காலையில் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் வழியாக வேட்டங்குடிக்குப் போகலாம். 1977இல் அறிவித்த பறவைகள் சரணாலயம், கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள்தான். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன் எல்லாம் கூடு கட்டும். பறவைகள் மிரளக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அங்கே போய் ஹாரன் அடிக்கிற டிரைவரோடு நான் சண்டை போட்டதும் உண்டு. மழை பொய்த்த வருஷத்தில் போகாதீர்கள், காய்ந்த கண்மாயைத்தான் பார்ப்பீர்கள்.

வண்டி பேசும்போது கிலோமீட்டர் ரேட்டோடு வெயிட்டிங்குக்கு எவ்வளவு, பேட்டா எவ்வளவு என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள். நார்த்தாமலையில் இரண்டு மணி நேரம் ஆகும் என்று டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், அவர் கீழிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்க மாட்டார்.