டிசிஎஸ் டெடிகேட்டட் சர்வர்: மிஷன் ஓடும், கேம்பெயினை நாம்தான் ஓட்ட வேண்டும்

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர் விமான சிமுலேட்டர் விளையாட்டைப் பலர் சேர்ந்து ஆட, ஈகிள் டைனமிக்ஸ் தரும் தனி சர்வர் மென்பொருளான டெடிகேட்டட் சர்வர் இலவசம். கிராபிக்ஸ் கார்டு இல்லாத விண்டோஸ் கணினியிலும் ஓடும். சர்வருக்கென்று மேப்பை விலைக்கு வாங்க வேண்டாம். அப்டேட்டர் வழியாகத் தேவையானதை மட்டும் இறக்கலாம். பறக்க வருபவர்களிடம்தான் அந்த மேப் இருக்க வேண்டும். நிறுவுவதில் பெரிய வேலை எதுவும் இல்லை.

சிக்கல் கேம்பெயினில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக வரும் மிஷன்களின் தொடரில், தொடங்குகிறது. தனி ஆட்டத்தில் மதிப்பெண் 50-ஐத் தாண்டினால் அடுத்த கட்டம், குறைந்தால் முந்தைய கட்டம், சரியாக 50 என்றால் அதே கட்டம். அந்தக் கணக்கு எதுவும் சர்வரில் கிடையாது. மிஷன் பட்டியல் ஒன்று உண்டு. அதை வரிசையாகவோ கலைத்தோ சுற்ற விடலாம், அவ்வளவுதான். கடையில் விற்கும் கேம்பெயின்களிலும் பெரும்பாலானவை தனி ஆளுக்காக எழுதப்பட்டவை. அவற்றை இங்கே ஓட்டும் எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது.

சொந்தமாக எழுதிய தனி ஆட்ட மிஷனை மாற்றலாம். எடிட்டரில் விமானத்தின் ஸ்கில்லை 'பிளேயர்' என்பதிலிருந்து 'கிளையன்ட்' ஆக்குவது முதல் படி. அதோடு முடிந்தது என்று நினைத்தால், நிபந்தனை நிறைவேறியதும் ஒன்றை நடத்தும் டிரிகர்களில் பாதி வேலை செய்யாது. கிளையன்ட் விமானம், ஒருவர் அதில் ஏறும்வரை களத்தில் இருப்பதே இல்லை. குறிப்பிட்ட யூனிட் உயிரோடு உள்ளதா, மண்டலத்துக்குள் வந்ததா என்று கேட்கும் நிபந்தனைகள் அதனால்தான் தடம்புரள்கின்றன. யூனிட்டின் பெயரை விட்டு, அணியில் யாராவது மண்டலத்துக்குள் இருந்தால் போதும் என்ற நிபந்தனைக்கு மாற்றுங்கள், அல்லது எஃப்10 ரேடியோ மெனுவில் தேர்ந்தால் மாறும் ஒரு கொடியை (ஃபிளாக்) வையுங்கள். காக்பிட் சுவிட்சைப் பார்த்து நகரும் பயிற்சி டிரிகர்களைக் கழற்றிவிட வேண்டும். சர்வரில் காக்பிட்டே இல்லை. ஸ்கிரிப்டில் ஆட்டக்காரரின் விமானத்தைக் கேட்கும் வேர்ல்ட்.கெட்பிளேயர் இருந்தால் அது 'nil' (மதிப்பு எதுவும் இல்லை) என்றே தரும், அடுத்த வரி பிழையில் நிற்கும்.

கடிகாரமும் கவிழ்க்கும். மிஷன் ஏறியதும் நேரம் ஓடத் தொடங்கினால், '600 வினாடி கழித்து எதிரி புறப்படு' என்ற டிரிகர் ஆளே இல்லாத களத்தில் வெடித்துவிடும். சர்வரின் ரெஸ்யூம் அமைப்பை 'வித் கிளையன்ட்ஸ்' என்று வைத்தால் ஆள் இருக்கும்போது மட்டும் நேரம் நகரும். கூட்டுக் கேம்பெயினுக்கு இதுதான் சரி. இரவு பகலாகத் தரைப்படை நகர வேண்டிய மிஷன் என்றால் மட்டும் ஓட விடுங்கள்.

அழிந்த டாங்கி அடுத்த முறையும் அழிந்தே கிடக்க வேண்டும் என்றால் நிலையைக் கோப்பில் எழுத வேண்டும், சர்வர் அதைச் செய்யாது. ஃபுட்ஹோல்ட், பிரிடென்ஸ் போன்ற ஆயத்த மிஷன்கள் தங்கள் ஸ்கிரிப்ட் மூலமே எழுதிக்கொள்கின்றன. இதற்கு மிஷன்ஸ்கிரிப்டிங்.லுவா கோப்பில் (லுவா என்பது ஸ்கிரிப்ட் மொழி) கோப்புகளைக் கையாளும் ஐஓ, எல்எஃப்எஸ் இரண்டையும் முடக்கும் வரிகளுக்கு முன்னால் இரட்டைச் சிறுகோடு (--) போட்டுத் திறக்க வேண்டும். ஒவ்வொரு அப்டேட்டும் இந்தக் கோப்பைப் பழையபடி மாற்றிவிடும் என்பது பெரிய எரிச்சல். சேமிப்பு நின்றுபோனது பல நாள் கழித்துத்தான் தெரியவரும். அப்டேட் முடிந்ததும் இதைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். திறந்தபின் எந்த மிஷனும் கணினி வட்டிலுள்ள கோப்புகளைத் தொட முடியும். ஊர்பேர் தெரியாதவர்களின் மிஷனை அந்தக் கணினியில் ஏற்ற வேண்டாம்.

ரௌட்டரில் 10308 போர்ட்டை டிசிபி, யுடிபி இரண்டுக்கும் திறக்க வேண்டும். சர்வரை உலாவியில் கட்டுப்படுத்தும் வெப் பேனலின் 8088 போர்ட்டை இணையத்துக்குத் திறக்கவே கூடாது.

சிபியூ தேர்வில் கோர் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகத்துக்கே காசு போடுங்கள். ஏஐ, ஸ்கிரிப்ட் சுமை பெரிதும் ஒரே கோரில் விழுகிறது. நூற்றுக்கணக்கான யூனிட்டுகள் நிற்கும் களத்துக்கு 32 ஜிபி ரேம் வசதியாக இருக்கும், 16 திணறும். நினைவகம் மெல்ல வீங்குவதால் தினமும் ஒருமுறை மறுதொடக்கம் செய்ய டாஸ்க் ஷெட்யூலரில் ஏற்பாடு வையுங்கள், ஆனால் ஸ்கிரிப்ட் சேமித்த பிறகு. ஆட்டப் பதிவுகளான டிராக் கோப்புகள் வட்டை நிரப்பும்; பழையவற்றை அதே நேரத்தில் அழித்துவிடலாம்.

லுவா எழுதத் தயங்காத ஒருவர் உள்ள குழுவுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். அப்படி யாரும் இல்லையென்றால், சேமிப்போடு வரும் ஆயத்த மிஷன் ஒன்றை எடுத்து, அதன் அமைப்புக் கோப்பை மட்டும் மாற்றி ஓட்டுங்கள்.