'1917 கப்பல் பாரோமீட்டர்'னு 38,500 ரூபாய் போச்சு. வாங்கப் போறவங்க படிச்சுட்டு வாங்குங்க

பழம்பொருள் விக்கிற ஒரு ஆன்லைன் தளத்துல 38,500 ரூபாயைத் தூக்கிக் கொடுத்துட்டு உக்காந்திருக்கேன். பேர் போட்டா பதிவையே தூக்கிடுவாங்க, அதனால போடல. ஆத்திரத்துல எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

விளம்பரத்துல இருந்தது இதுதான்: குஜராத்ல பழைய கப்பல் உடைக்கிற அலங்ல உடைச்ச கப்பல்லேர்ந்து கழட்டின அனிராய்டு பாரோமீட்டர் (பாதரசம் இல்லாம காத்தழுத்தத்தை முள்ளால காட்டற கருவி), கனமான பித்தளை உறை, டயல்ல 'கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917'. வேலை செய்யுதான்னு கேட்டேன். வித்தவன் வீடியோ கால்லயே வந்தான். கண்ணாடியை விரல் நுனியால ரெண்டு தட்டு தட்டினான், முள் லேசா நடுங்கி நின்னுச்சு. "பாருங்கண்ணே, நூறு வருஷமாகியும் உயிரோட இருக்கு. எங்க தாத்தா காலத்துலேர்ந்து இதே தொழில், பொய் சொல்லிச் சோறு திங்க மாட்டோம்"னான். அந்த நடுக்கத்தைப் பாத்துத்தான் பணம் போட்டேன். பழைய மாலுமிகளும் அப்படித்தான் தட்டிப் பாப்பாங்க.

நம்ம ஊர்ல காத்தழுத்தம் தினமும் காலை பத்து மணி வாக்குல ஏறும், சாயங்காலம் நாலு மணி வாக்குல இறங்கும். மூணு மில்லிபார் வித்தியாசம் சர்வசாதாரணம். நல்ல அனிராய்டு அதைக் காட்டியே தீரும். இது 29.9லயே (டயல்ல பாதரச அங்குலக் கணக்கு) நிக்குது. தாழ்வு மண்டலம் வந்து தெருவெல்லாம் தண்ணி நின்ன அன்னிக்கும் அதே 29.9!

பின்மூடியைக் கழட்டினேன். பிரெஞ்சுக்காரர் லூசியன் விடி 1844ல கண்டுபிடிச்ச அமைப்புல காத்தை உறிஞ்சி எடுத்த, வரிவரியா மடிச்ச மெல்லிய உலோக டப்பி இருக்கணும். அது நசுங்காம இழுத்துப் பிடிக்க ஒரு பட்டை ஸ்பிரிங். டப்பி மயிரிழை அசைஞ்சா, அதை நெம்புகோல் பெருக்கி, பழைய பாக்கெட் கடிகாரத்துக்குள்ள போட்ட மாதிரி ஒரு பொடிச் சங்கிலி முள்ளோட தண்டைச் சுத்தும். அதைச் செய்யற கைக்கு எவ்வளவு பொறுமை வேணும்! என்னோடதுக்குள்ள டப்பியே இல்ல. முள்ளை ஒரு சின்ன ஸ்பிரிங் முனையில பசை போட்டுச் சொருகியிருக்கான். தட்டினா ஆடும், அவ்வளவுதான். உள்ள இருந்த திருகாணியெல்லாம் ஸ்டார் ஸ்க்ரூ. அது புழக்கத்துக்கு வந்ததே 1930கள்லதான். பித்தளையோட கருப்பு, நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சுல கையோட வந்துடுச்சு.

இதுல பெரிய கூத்து, கெல்வின் அண்ட் ஹியூஸ்ங்கற பேரே 1947ல ரெண்டு கம்பெனி சேந்தப்பதான் வந்துதாம். பழைய கருவி சேக்கிற ஒரு நண்பர் டயல் படத்தைப் பாத்ததும் சிரிச்சுட்டார். உத்தரகண்ட்ல ரூர்க்கி பக்கம் இந்த மாதிரி பித்தளைச் சாமான் செய்யற பட்டறைங்க நிறைய. அலங்காரப் பொருள்னு சொல்லி வித்தா அதுல தப்பே இல்ல. 1917னு சொல்லி 38,500 வாங்கறதுதான் திருட்டு.

முதல்ல அவன்கிட்ட கேட்டப்ப, "கூரியர்ல ஆடியிருக்கும்ணே, ஒரு பத்து நாள் சுவத்துல மாட்டி வைங்க, செட் ஆயிடும்"னான். ரிட்டர்ன் கெடு ஏழு நாள்தான்னு அவனுக்குத் தெரியாதா? கெடு முடிஞ்சதும் குரல் மாறிடுச்சு. "ஒர்க்கிங்னு நாங்க எங்க எழுதியிருக்கோம்?" அப்புறம் ப்ளூ டிக் மட்டும்தான் வருது. தளத்துக்காரங்ககிட்ட போனா "விற்பனையாளரை அணுகவும்". அவன் எடுக்கலன்னுதானேய்யா உங்ககிட்ட வந்தேன்! கடைசியா "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது"னு டிக்கெட்டை மூடிட்டு, எத்தனை ஸ்டார் தருவீங்கன்னு கேக்கறாங்க. 38,500 ரூபாய்ங்க!

எப்படிப் பாத்து வாங்கறதுன்னு விரிவா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப மனசு ஓடல. பின்மூடியைத் திறந்து படம் கேளுங்க, தரலன்னா விட்டுடுங்க. காலையும் சாயங்காலமும் முள் எங்க நிக்குதுன்னு தேதியோட படம் கேளுங்க. டயல்ல பெருசா வருஷம் போட்டிருந்தாலே சந்தேகப்படுங்க. பில்லுல 'ஒரிஜினல், வேலை செய்கிறது'னு எழுத்துல வாங்குங்க, போன்ல சொல்றதெல்லாம் காத்தோட போயிடும். நான் இப்ப 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குத்தான் போட்டுட்டிருக்கேன், லைன் பிஸி.