லினக்ஸ் மின்ட், லிப்ரே ஆபீஸ்: ஆடிட்டர் ஆபீஸுக்குச் சரிப்படுமா?

மும்பை மாட்டுங்காவில் எங்களுடையது சின்ன ஆடிட்டர் ஆபீஸ். தாராவி தோல் பட்டறைக்காரர்களும் சயான் பக்கத்துக் கடைக்காரர்களும்தான் கிளையன்ட்களில் பாதிக்கு மேல். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிகிறது என்று தெரிந்தபோது பார்த்தால், எங்கள் பழைய ஐ3 மெஷின்கள் எதுவும் விண்டோஸ் 11-க்குத் தேறவில்லை. நன்றாக ஓடுகிறவற்றைக் காயலான் கடைக்கு அனுப்ப மனசு வரவில்லை. எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டோம். அதோடு வரும் இலவச ஆபீஸ் தொகுப்புதான் லிப்ரே ஆபீஸ். 2029 வரை அப்டேட் உண்டு. போன ஆடிட் சீசன் முழுக்க அதில்தான் வேலை.

எங்களுக்கு உயிர்நாடி எக்செல்தான், அதனால் லிப்ரே ஆபீஸில் எக்செலுக்கு ஈடான கால்க் பற்றி முதலில். கிளையன்ட் காலிப்ரி எழுத்தில் அனுப்பிய பாலன்ஸ் ஷீட்டைத் திறந்தால் கார்லிட்டோ எழுத்து வருகிறது. இரண்டிலும் எழுத்துகளின் அகலம் ஒன்றே என்பதால் வரிகள் உடைவதில்லை. ஃபார்மட் கட்டத்தில் மொழியை இங்கிலீஷ் (இந்தியா) என்று வைத்து #,##,##0.00 என்று அடித்தால் 1,23,45,678.00 என்று லட்சம், கோடிக் கணக்கில் கமா விழுகிறது. ஜிஎஸ்டிஆர் 2பி-யை (போர்ட்டல் தரும் உள்ளீட்டு வரிப் பட்டியலை) பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோடு ஒப்பிடும் வேலைக்கு, தேடி எடுக்கும் ஃபார்முலாவான வீலுக்கப், பிவட் டேபிள் எல்லாம் சரியாக வேலை செய்கின்றன. அதன் புதிய வடிவமான எக்ஸ்லுக்கப் மட்டும் மின்ட்டோடு வரும் லிப்ரே ஆபீஸ் 24.2-இல் கிடையாது. 24.8-இல்தான் சேர்த்தார்கள், புதிய பதிப்பை ஃப்ளாட்பேக்கில் (மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் கிடைக்கும் தனிப் பொதி) போட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றத்துக்கு முதலில் பழகியவர், நான் எதிர்பார்க்காத எங்கள் மூத்த அக்கவுண்டண்ட். “பழைய எக்செல் மெனு மாதிரியே இருக்கும்மா, எல்லாம் கைக்கு எட்டுது” என்றார். புதிய எக்செலின் ரிப்பன் மெனுவில் பழகிய ஆர்ட்டிகிள் பிள்ளைகள்தான் (சிஏ பயிற்சி மாணவர்கள்) தடுமாறினார்கள். வியூ மெனுவில் டேப் அமைப்புக்கு மாற்றிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம், முடியாதவை. கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் விண்டோஸுக்கானது. வருமான வரித் துறையின் எக்செல் யுடிலிட்டி மேக்ரோவை நம்பியிருப்பதால் கால்க்கில் ஓடாது. இதற்காகவும் டிஎஸ்சி எனும் டிஜிட்டல் கையெழுத்துக்காகவும் முறையான லைசன்ஸோடு ஒரு விண்டோஸ் 11 மெஷின் வைத்திருக்கிறோம். போர்ட்டலில் நேரடியாகச் செய்யும் ஃபைலிங் எல்லாம் ஃபயர்ஃபாக்ஸில் நடக்கிறது. ஒரு பழைய லேசர் பிரிண்டர் மட்டும் கடைசிவரை மசியவில்லை, அதை விண்டோஸ் மெஷினோடு சேர்த்துவிட்டோம். பேங்குக்கு அனுப்புவதை பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், வேர்ட் ஃபைலாகப் போனால் டேபிள் சில சமயம் நகர்ந்துவிடுகிறது.

நம் தொழிலில் கிராக் போட்ட ஆபீஸ் பேக்கேஜ் இன்னும் சகஜமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஊர்க்காரர்களின் பான் எண்ணும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கிடக்கிற மெஷினில் எங்கிருந்தோ வந்த கிராக்கை ஏற்றுவது பெரிய ஆபத்து. செலவில்லாமல் நேர்மையான வழி இருக்கும்போது அது வேண்டவே வேண்டாம்.

மாற நினைப்பவர்கள் ரைட்டரும் (வேர்டுக்கு ஈடானது) கால்க்கும் மட்டும் போதும் என்கிற மேஜையில் ஆரம்பியுங்கள். நாள் முழுக்க டேலியில் என்ட்ரி போடுகிறவரின் மெஷினைத் தொடாதீர்கள்.