மனசுக்குள் திட்டுகிற குரலும் நாலு கட்ட நோட்டும்: சில வருட அனுபவம்

"உனக்கு எதுவும் உருப்படியா வராது" என்று மனசு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். சில வருஷமாக நான் விடாமல் பயன்படுத்துவது ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும்தான். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய சிகிச்சையிலிருந்து வந்த முறை இது. சிபிடி என்பார்கள், நம் எண்ணத்தையும் நடந்துகொள்கிற விதத்தையும் மாற்றப் பழக்குகிற பேச்சு சிகிச்சை, கவுன்சிலிங் போனவர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

பக்கத்தை நாலு கட்டமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். என்ன நடந்தது, மனசு என்ன சொன்னது, அது உண்மை என்பதற்கும் இல்லை என்பதற்கும் என்ன ஆதாரம், நியாயமாகப் பார்த்தால் என்ன. எனக்குச் சென்னை பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை, இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கிற பில் ஆஃப் என்ட்ரி போடுவது. அதில் ஒரு எண் மாறினால் சரக்கு துறைமுகத்திலேயே நின்று டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் ஏறும், அதனால் கவனமாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் சார் "கொஞ்சம் உள்ள வாம்மா" என்று கூப்பிட்ட அந்த நொடியிலேயே "போச்சு, எதையோ கோட்டை விட்டுட்ட, வேலை காலி, வீட்ல என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டு சொல்லுவ" என்று உள்ளே ஓட ஆரம்பிக்கும். உள்ளே போனால் பொங்கலுக்கு யார் யார் லீவு என்று கேட்பார். இதை அன்றன்றைக்கு எழுதி வைத்து, சில மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஆயிரம் குறை என்று நினைத்தேனே, அத்தனை பக்கத்திலும் இருந்தது நாலைந்து வாக்கியம்தான், அதையே ஆபீஸ், சொந்தக்காரர் கல்யாணம், பேங்க் வரிசை என்று எல்லா இடத்திலும் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் குரல் வந்தால் "ஓ, அந்த இரண்டாவது வாக்கியமா" என்று அடையாளம் தெரிகிறது, தெரிந்ததும் பாதி பலம் போய்விடுகிறது. இந்த முறையில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

குரல் எப்படிப் பேசுகிறதோ அப்படியே எழுதுங்கள், வசவு இருந்தால் வசவோடு. "தன்னம்பிக்கைக் குறைவு ஏற்பட்டது" என்று எழுதினால் பிடிக்க எதுவும் கிடைக்காது.

இதற்கு முன்னால் கண்ணாடி முன் நின்று "நான் சிறந்தவள்" என்று சொல்வதையும் முயன்றேன், இன்னும் மோசமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் படித்தேன், ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2009ல் வெளியிட்ட ஆய்விலும் தன்மதிப்பு குறைவாக உள்ளவர்களுக்கு இப்படிச் சொல்வது உதவவில்லை, மனநிலை சரியத்தான் செய்தது. எண்ணத்தை அமுக்குவதும் ஆகாது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987ல் வெளியிட்ட ஆய்வில் சிலரிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லிப் பார்த்தார், அவர்கள் அதையே நினைத்துக்கொண்டு இருந்தார்கள். தியான ஆப் நல்லதாக இருக்கலாம், தண்டையார்பேட்டையில் ஒரே காம்பவுண்டில் ஆறு குடித்தனம் இருக்கிற போர்ஷனில் எனக்கு அது செல்லுபடியாகவில்லை.

நோட்டோடு சேர்த்து இரண்டு விஷயம் நிலைத்தது. ஒன்று, "நான்" என்று சொல்லாமல் வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லி நமக்கு நாமே பேசுவது. உளவியலாளர் ஈத்தன் கிராஸும் உடன் இருந்தவர்களும் 2014ல் இதைச் சோதித்து, பதற்றமான நேரத்தில் உதவுகிறது என்று காட்டினார்கள். நான் இன்னும் ஒரு படி போய், என் தங்கச்சி இதையே சொல்லி அழுதால் அவளிடம் என்ன சொல்வேன் என்று கேட்டு, அந்தப் பதிலைத்தான் நாலாவது கட்டத்தில் எழுதுகிறேன், ஏனென்றால் அவளிடம் "ஆமா, நீ லாயக்கில்லதான்" என்று என் வாயால் சொல்லவே வராது. இரண்டாவது, கவலைக்கு நேரம் ஒதுக்குவது. சாயங்காலம் ஹைகோர்ட் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் இறங்கும்வரை எதை வேண்டுமானாலும் நினைக்கலாம், மதியம் வந்தால் "சாயங்காலம் பார்க்கலாம்" என்று ஒரு வரி குறித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். சாயங்காலத்துக்குள் பாதி ஆறிப்போயிருக்கும்.

குறையும் உண்டு. ஆரம்பத்தில் எழுத எழுத மனசு இன்னும் கனக்கும், தூங்கப் போகும் முன் எழுதினால் தூக்கம் கெடும். வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்ற பயத்தில் பூசி மெழுகி எழுதினால் பிரயோஜனம் இல்லை, என் நோட்டு ஆபீஸ் டிராயரில் பூட்டுக்குள் இருக்கிறது.

நோட்டு எல்லாவற்றுக்கும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள், நம் பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரி எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், நோட்டையும் திறக்க வேண்டாம். வீட்டில் நம்பிக்கையான ஒருத்தரிடம் சொல்லிவிட்டு 14416க்கு உடனே போன் போடுங்கள். அது டெலி மானஸ், 2022ல் தொடங்கிய அரசு சேவை, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.