ரோடு பைக் டிரைவ்டிரெயின்: பல வருடப் பராமரிப்பு அனுபவம்

பல வருடங்களாக ஒரே ரோடு பைக்தான், அதாவது தார்ச்சாலையில் ஓட்டும் சைக்கிள். மிதிக்கும் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகங்கள்தான் டிரைவ்டிரெயின். முன்னால் 50/34 கிராங்க் (பெடலோடு சுற்றும், 50, 34 பற்கள் கொண்ட இரண்டு செயின்ரிங்), பின்னால் 11-28 கேசட் (11 முதல் 28 பற்கள் வரையுள்ள பல்சக்கர அடுக்கு), 11 ஸ்பீடு, அதாவது பின்னால் 11 பல்சக்கரம். இதற்குள் செயின் பல தடவை மாறிவிட்டது. கேசட் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை, செயின்ரிங் இன்னும் பழையதுதான். செயினை அளந்து பார்த்து மாற்றுவதால் கிடைத்த பலன் இது.

செயின் நாளாக நாளாக நீள்வது தகடு இழுபடுவதால் அல்ல. தகடுகளைக் கோக்கும் சிறு ஆணியான பின்னும் (pin), அதைப் பிடித்திருக்கும் உள்தகட்டின் துளை விளிம்பும் தேய்ந்து, ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் ஆட்டம் விழுகிறது. புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் 12.7 மி.மீ. அப்படி 24 இடைவெளி சேர்ந்தால் 304.8. அதுவே 306.3-ஐ எட்டினால் 0.5 சதவீதத் தேய்மானம். 11, 12 ஸ்பீடு என்றால் அத்தோடு கழற்றிவிட வேண்டும். 10 ஸ்பீடும் அதற்குக் கீழும் 0.75 வரை ஓடட்டும். அதையும் தாண்டி ஓட்டினால் கேசட்டின் பற்களும் சேர்ந்து தேயும். அப்புறம் புதுச் செயின் போட்டாலும், ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது பல்லில் நிற்காமல் வழுக்கும்.

ஆயில் விஷயத்தில் என் கருத்து: போடுவதைவிடத் துடைப்பது முக்கியம். ஆயில் வேலை செய்வது ரோலருக்குள்ளே (தகடுகளுக்கு நடுவே பின்னைச் சுற்றி உருளும் சிறு உருளை). ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, உள்ளே இறங்க நேரம் கொடுத்து, வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். வெளியே தங்கும் ஆயில் மண்ணைப் பிடித்துவைத்து அரைக்கத்தான் உதவும். காய்ந்த சாலைக்கு உருக்கிய மெழுகில் முக்கி எடுத்த செயின் அருமை, கை கூடக் கறுக்காது. மழையில் மெழுகு சீக்கிரம் போய்விடும், அப்போது ஆயில்தான் சரி.

கியர் சரியாக விழவில்லை என்றால் பலரும் முதலில் டிரெயிலரில் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் பின்பக்கக் கருவி, derailleur) இருக்கும் லிமிட் ஸ்க்ரூவைத் திருப்புகிறார்கள். வேண்டவே வேண்டாம். செயின் கேசட்டின் இரண்டு ஓரங்களையும் தாண்டிப் போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. ஒருமுறை சரியாக வைத்தால் தானாக நகராது. பைக் வலப்பக்கம் விழுந்திருந்தால் ஹேங்கர் (அந்தக் கருவியை ஃபிரேமோடு பிடித்திருக்கும் சிறு உலோகத் துண்டு) வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் பேரல் அட்ஜஸ்டரை (கியர் கேபிளின் இறுக்கத்தை மாற்றும் திருகு) இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பினால் போதும். சின்னப் பல்சக்கரத்துக்கு இறங்கத் தயங்கினால் பெரும்பாலும் கேபிள் உறைக்குள் உராய்வுதான்.

கேபிள் மறைவாக அறுந்துகொண்டிருப்பதும் உண்டு. அடிக்கடி பேரல் அட்ஜஸ்டரைத் திருப்ப வேண்டி வந்ததால், வலது ஷிஃப்டரின் (ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் லிவர்) ரப்பரை மடித்துப் பார்த்தேன். கேபிள் தலைக்குப் பக்கத்தில், வளையும் இடத்தில், மெல்லிய இழைகள் சில அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. முழுதாக அறுந்திருந்தால் பின்கியர் சின்னப் பல்சக்கரத்திலேயே மாட்டிக்கொள்ளும், துண்டும் ஷிஃப்டருக்குள் சிக்கும். அதனால் இப்போதெல்லாம் செயின் மாற்றும்போதே பின்கேபிளையும் மாற்றிவிடுகிறேன்.