நியூட்ரினோவின் நிறை: ஆய்வகத்திலா, வானத்திலா?

நீலகிரியில் நியூட்ரினோ (மின்னூட்டமற்ற, மிக மிக லேசான நுண்துகள்) என்றதும் மசினகுடிக்கு அருகிலுள்ள சிங்காரா நினைவுக்கு வரும். முதுமலையை ஒட்டியிருந்ததால் 2009-இல் மத்திய அரசு அனுமதி மறுத்த, அங்கே அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகம், நியூட்ரினோக்களின் மூன்று நிறைகளில் எது பெரிது, எது சிறிது என்ற வரிசையை அறியத் திட்டமிடப்பட்டதே தவிர, அறுதி நிறையை, அதாவது நிறை எவ்வளவு என்பதை, அளக்க அல்ல. அதற்கு வேறு வழிகள் உண்டு.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் அமைந்த காட்ரின் சோதனை, டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் சிதையும்போது நியூட்ரினோவோடு சேர்ந்து வெளிப்படும் எலெக்ட்ரான்களின் ஆற்றலை அளக்கிறது. நியூட்ரினோவுக்கு நிறை இருந்தால், 18.6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்னும் உச்ச வரம்பருகே நிறமாலையின் (எந்த ஆற்றலில் எத்தனை எலெக்ட்ரான்கள் என்ற பரவலின்) வடிவம் சற்றே மாறும். 10 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடக் கலத்தில் மின்னழுத்தத் தடையை ஏற்படுத்தி, அதைத் தாண்டுபவற்றை மட்டும் எண்ணுகிறார்கள். ஏறத்தாழ ஐந்து லட்சம் கோடி சிதைவுகளில் ஒன்றே கடைசி ஒரு எலெக்ட்ரான் வோல்ட்டுக்குள் விழுகிறது என்பதால், பொறுமைதான் இங்கு முதல் கருவி. நிறையையும் இதே ஆற்றல் அலகில்தான் சொல்வார்கள்: 2025-இல் கிடைத்த மேல் வரம்பு 0.45 எலெக்ட்ரான் வோல்ட்.

அண்டவியல் வழி, விண்மீன் மண்டலங்களின் பரவலிலும் பெருவெடிப்பின் எச்ச ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணியிலும் நியூட்ரினோ நிறையின் தடயத்தைத் தேடுகிறது. அந்தப் பின்னணியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் தரவுகளைப் பிற அளவீடுகளோடு சேர்த்தபோது, மூன்று நிறைகளின் கூட்டுத்தொகை 0.12 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழ் என்று வந்தது.

எண்ணளவில் வானமே முன்னணியில் நிற்கிறது. ஆனால், அந்த வரம்பு நாம் ஏற்கும் அண்ட மாதிரியைப் பொறுத்தது. அண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் இருள் ஆற்றல் காலத்தோடு மாறுமானால் அதுவும் தளரும். காட்ரின் பெரும்பாலும் ஆற்றல் அழிவின்மையை மட்டுமே நம்புவதால், தளர்வான அதன் எண்ணையே நான் உறுதியானதாகக் கொள்வேன்.